நிறுத்துப் பார்த்தால் எலியின் வயது தெரியுமா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், அறுவடை முடிந்த வயல் வட்டைகளில் வரம்பை வெட்டினால் எலி வளை தட்டுப்படாமல் இருக்காது. பிடிபட்டதைத் தூக்கிப் பார்த்து 'இது கிழடு', 'இது இந்தப் போகத்துக் குட்டி' என்று வயல்காரர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். கிழடு என்றால் எத்தனை மாதம் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் சிக்கல். வயல்காரர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். விலங்கியல் படித்தவர் தராசையும் அடிமட்டத்தையும் எடுத்து அளக்கத் தொடங்குவார், அளந்து முடித்து ஒரு எண்ணையும் சொல்வார். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் இங்கே விஷயம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குட்டியாக இருக்கும் வரை நம்பலாம், வளர்ந்து முடிந்த பிறகு அந்த எண் வயதைவிடச் சாப்பாட்டையும் மழையையும் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

இந்தக் கேள்வியோடு அதிகம் மல்லுக்கட்டியவர்கள் பாலைவன எலிகளை ஆராய்கிறவர்கள். பாலைவனம் எங்கே, மட்டக்களப்பு எங்கே என்று கேட்கலாம். வருடத்துக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது, அதில் பெரும்பகுதி நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் ஒரேயடியாகக் கொட்டிவிடும். ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 200 மி.மீ.யை எட்டுவது கஷ்டம். ஆனால் வெள்ளெலி என்கிற இந்திய ஜெர்பிலுக்கு இந்தக் கணக்கு பெரிதில்லை. சிரியா, ஈராக், ஈரான், பாகிஸ்தான், தார் பாலைவனம், தென்னிந்தியா, கடைசியாக இலங்கையின் உலர் வலயம் என்று ஒரே இனமாகப் பரந்து கிடக்கிறது. பெரிய கண், நீண்ட பின்பாதம், நுனியில் கறுப்பு மயிர்க்குஞ்சம் வைத்த நீண்ட வால். பாலைவன எலிகளின் சொந்தக்காரன் நம் பக்கமும் இருக்கிறான் என்பதால் அங்கே படித்த பாடம் இங்கேயும் உதவும், சில இடங்களில் உதவாமலும் போகும்.

எலியின் வயதைத் தெரிந்து என்ன செய்வது என்று நினைப்பவர்களுக்கு ஒரு உதாரணம். கசகஸ்தானின் வறண்ட நிலங்களில் பெரிய ஜெர்பில் என்ற எலிதான் பிளேக் கிருமியைத் தாங்கி நிற்கிறது. அங்கே பல பத்து வருடங்களாக எலி வளைகளை எண்ணி வந்த பதிவுகளை வைத்து, குடியிருக்கும் வளைகளின் விகிதம் ஒரு அளவைத் தாண்டினால்தான் பிளேக் பரவுகிறது என்று 2004இல் காட்டினார்கள். எண்ணிக்கை ஏன் கூடுகிறது என்று அடுத்துக் கேட்டால், எத்தனை பிறந்தன, எத்தனை எவ்வளவு காலம் பிழைத்தன என்று தெரிய வேண்டும், அதற்கு வயது வேண்டும். நம் பக்கத்துக்கு வந்தால் எலிக்காய்ச்சல். 2008இல் இலங்கையில் 7,000க்கும் அதிகமானோருக்கு எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்ட வருடம் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியேறி எலிக்குப் பெரிய தொந்தரவு கொடுக்காமல் சிறுநீரோடு வெளியே வந்துகொண்டே இருக்கும். எலிக்கு வயது கூடக் கூடக் கிருமி தொற்றியிருக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்பது நகரத்து எலிகளில் பல நாடுகளில் பார்த்த விஷயம். ஆனால் அந்த ஆய்வுகளில் பலவற்றில் வயது என்று எழுதியிருப்பது உண்மையில் எடைதான். எடையை வயதாக எடுத்துக்கொண்டால் நடக்கிற கூத்து எல்லாம் அந்த முடிவுகளிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

சரி, அளப்பது எப்படி? உயிரோடு பிடித்த எலியைப் பொறியிலிருந்து ஒரு துணிப்பைக்குள் விட்டு, பையோடு சேர்த்துத் தொங்குதராசில் நிறுப்பார்கள், பெசோலா என்ற சுருள்வில் தராசு இதற்கென்றே பெயர்போனது. அப்புறம் பையின் எடையைக் கழிப்பார்கள். பையைக் கழிக்கும்போது, அதற்குள் எலி விட்டுப்போன சிறுநீரோடு கழிக்க வேண்டும் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் மறந்துவிடுவார்கள். ஒன்றிரண்டு கிராம்தான், ஆனால் 40 கிராம் எலிக்கு ஒன்றிரண்டு கிராம் என்பது சின்ன விஷயமில்லை. அடுத்தது பையின் வாயை மடித்துக்கொண்டு பின்காலை மட்டும் வெளியே எடுத்து, குதிக்காலிலிருந்து நீளமான விரல் நுனிவரை அடிமட்டத்தில் அளப்பார்கள். காது, வால், தலையிலிருந்து உடல் முடிகிற இடம்வரை நீளம், இதெல்லாம் மற்ற அளவுகள். உயிருள்ள எலியில் தலை-உடல் நீளம் என்பது கிட்டத்தட்ட ரப்பரை அளப்பதுதான். பிடிக்கிற ஆள் எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறாரோ அவ்வளவு நீளும், இரண்டு பேர் அளந்தால் இரண்டு விடை வரும். வாலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஜெர்பில்களும் முள்மயிர்ச் சுண்டெலிகளும் பிடித்த பிடியில் வால் தோலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும், அப்புறம் அந்த எலியின் வால் எப்போதும் கட்டைதான்.

பாதத்தை அளப்பதிலேயே இரண்டு மரபு உண்டு. பிரித்தானிய, ஐரோப்பிய மரபில் நகத்தை விட்டுவிட்டு அளப்பார்கள், அமெரிக்க மரபில் நகத்தையும் சேர்ப்பார்கள். பழைய நூலொன்றில் இருக்கும் அளவை எடுத்துத் தன் அளவோடு ஒப்பிடுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால், இல்லாத வளர்ச்சியைக் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த அளவுகளில் எது வயதைச் சொல்லும் என்பது உடலின் எந்தப் பகுதி எப்போது வளர்ந்து முடிகிறது என்பதைப் பொறுத்தது. இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் போர்ட்டல் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1977 முதல் ஒரு பாலைவன ஆய்வு நடந்து வருகிறது. 24 அடைப்புகள், ஒவ்வொன்றிலும் 49 பொறிகள், மாதம் ஒரு முறை அமாவாசையை ஒட்டி வைப்பார்கள், ஏனென்றால் நிலா வெளிச்சத்தில் ஆந்தைக்குப் பயந்து எலி அவ்வளவாக வெளியே வராது. (முழுநிலாப் போயா நாள் லீவு என்று பொறி வைக்கக் கிளம்புகிற மாணவர்கள் கவனிக்க.) பிடிபட்ட ஒவ்வொன்றின் எடையும் பின்பாத நீளமும் பதிவாகிறது, தரவு யாரும் இறக்கிக்கொள்ளும்படி திறந்து கிடக்கிறது. ஆர் என்ற புள்ளிவிவர மென்பொருள் படிக்கத் தொடங்குகிறவர்கள் பலர் முதல் வகுப்பிலேயே இந்த எலிகளைச் சந்தித்திருப்பார்கள், எலியென்று தெரியாமலேகூட.

அதில் மெரியம் கங்காரு எலியை மட்டும் எடுத்து வரைபு போட்டுப் பாருங்கள். சராசரி எடை 43 கிராம் சொச்சம், சராசரி பின்பாதம் 36 மி.மீ. எடை பத்துப் பதினைந்து கிராமிலிருந்து அறுபதுக்கு மேல் வரை பரந்து கிடக்கும். பாதமோ மிகப் பெரும்பாலான எலிகளில் அந்த 36ஐச் சுற்றியே நெருக்கிக்கொண்டு நிற்கும். காரணம் எளிது. குதித்து ஓடுகிற எலிக்குப் பாதம்தான் உயிர், அதனால் வளையை விட்டு வெளியே வரும் முன்பே பாதம் ஏறக்குறைய முழு அளவுக்கு வந்துவிடுகிறது, உடல் பின்னால் வந்து சேர்கிறது. ஆகவே பாத நீளம் பெரிய எலியின் வயதைச் சொல்லவே சொல்லாது. ஆனால் எந்த இனம் என்று சொல்வதில் கில்லாடி. அதே இடத்தில் இருக்கும் பட்டைவால் கங்காரு எலிக்கு 50 மி.மீ. பாதம், 120 கிராம் எடை, இரண்டையும் யாரும் குழப்ப முடியாது. வயதுக்கு அது உதவுவது ஒரே விதத்தில்தான்: பாதம் பெரிது, உடல் சிறிது என்று பொருத்தமில்லாமல் இருந்தால் அது குட்டி.

குட்டிப் பருவத்தில் அடையாளங்களுக்குப் பஞ்சமே இல்லை. கூட்டில் வளர்த்து நன்றாகப் படித்துவைத்திருக்கும் மொங்கோலிய ஜெர்பிலை எடுத்தால், பிறக்கும்போது சுமார் 3 கிராம், மயிரில்லை, கண்ணில்லை. இரண்டரை வாரம் அளவில் கண் திறக்கும், மூன்று நான்கு வாரத்தில் பால்குடி மறக்கும், பத்து வாரமளவில் குட்டி போடத் தயாராகிவிடும். இந்தக் காலத்தில் ஒவ்வொரு நாளும் எடை கூடுவதால் எடையிலிருந்து வயதை மதிப்பிட்டால் சில நாள்தான் முன்னே பின்னே வரும். ஆனால் ஒரு இனத்தின் கணக்கை இன்னொன்றுக்குத் தூக்கிப் போடக் கூடாது. முள்மயிர்ச் சுண்டெலி மத்தியகிழக்கின் பாறைநிலத்து எலி. ஏறக்குறைய 38, 39 நாள் வயிற்றில் வைத்திருந்து மயிரோடும் திறந்த கண்ணோடும் பெறுகிறது. 'கண் திறந்திருக்கிறது, அப்படியென்றால் இரண்டு வாரமாவது ஆகியிருக்கும்' என்று ஜெர்பில் கணக்கில் எழுதினால், நேற்றுப் பிறந்ததை இரண்டு வாரக் குட்டியாக்கிவிடுவோம். வட ஆபிரிக்க ஜெர்போவா இதற்கு நேர் எதிர். வளர்ந்த ஜெர்போவாவைப் பார்த்தால் இரண்டு நீண்ட கால்களில் நிற்கும் பிராணி, பிறந்த குட்டியைப் பார்த்தால் சாதாரண எலிக்குட்டி. பின்பாதம் பிறந்த பிறகுதான் மற்ற உறுப்புகளைவிட வேகமாக நீள்கிறது. எனவே கங்காரு எலியில் வயதுக்குப் பயன்படாத அதே அளவு ஜெர்போவாக் குட்டியில் நல்ல அளவாகிவிடுகிறது.

பிறகு வளர்ச்சி வளைகோடு தட்டையாகும், எல்லாம் அங்கேதான் குழம்புகிறது.

வளர்ச்சியைச் சமன்பாடாக எழுதுவதற்கு இரண்டு பெயர்களை அடிக்கடி சொல்வார்கள். ஒருவர் கொம்பேர்ட்ஸ், அவர் 1825இல் எழுதியது மனிதர்கள் வயதாக ஆக எந்த வேகத்தில் சாகிறார்கள் என்ற காப்புறுதிக் கணக்கு, அந்தச் சூத்திரத்தைப் பின்னால் வந்தவர்கள் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். மற்றவர் பெர்ட்டலன்ஃபி, 1938இல் தன் வளர்ச்சிச் சூத்திரத்தை வெளியிட்டவர், மீன் ஆராய்கிறவர்களுக்கு அவர் இல்லாமல் ஆகாது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு உச்ச அளவு இருக்கிறது, விலங்கு அதை நெருங்க நெருங்க வேகம் குறைகிறது.

ஒரு கற்பனை எலியை வைத்துக் கணக்குப் பார்ப்போம். உச்ச எடை 150 கிராம். உச்சத்துக்கு மிச்சமிருக்கிற தூரம் 30 நாளுக்கு ஒருமுறை, முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதலான அளவுக்குச் சுருங்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 30ஆம் நாள் 95 கிராம், 60ஆம் நாள் 130, 90இல் 142, 120இல் 147, 180இல் 149 சொச்சம். இப்போது நம் தராசும், எலி தின்ற சாப்பாடும், இனத்துக்குள் இருக்கிற இயல்பான வித்தியாசமும் சேர்ந்து 5 கிராம் கூடவோ குறையவோ காட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள், இது தாராளமான சலுகைதான். 95 கிராம் எலிக்கு விடை 27 நாளிலிருந்து 33 நாள்வரை, அருமை. 142 கிராம் எலிக்கு விடை 75 நாளிலிருந்து நாலு மாதம்வரை போகும். 147 கிராம் எலிக்கு? கீழ்ப்பக்கம் மூன்று மாதம், மேல்ப்பக்கம் எல்லையே இல்லை, ஏனென்றால் 152 கிராம் என்ற எடைக்கு அந்தச் சூத்திரத்தில் வயதே கிடையாது. கணினி இதை ஒரு எண்ணாக அச்சடித்துத் தரும், அதுதான் ஆபத்து. சூத்திரம் சரியாகவே வேலை செய்திருக்கும், கேட்ட கேள்விதான் அதற்குத் தாங்காது.

அதுவும் இது ஒழுங்காகச் சாப்பிட்டு வளர்ந்த எலி. பாலைவனத்தில் ஒழுங்கு எங்கே இருக்கிறது? அங்கே மழை வந்தால் புல் முளைக்கும், பச்சை வந்தால் எலி இனம் பெருக்கும், விதை விழுந்தால் குட்டிகள் கொழுக்கும். மழை வராத வருடத்தில் பிறந்த குட்டி பாதி அளவில் நின்றுவிட்டு, பருவத்துக்கும் வராமல், மாதக்கணக்கில் 'இளசு' போலவே ஓடித் திரியும். பிறகு ஒரு நல்ல மழை, பச்சையும் விதையும் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து வளரத் தொடங்கிவிடும். வறட்சியில் பிறந்த எட்டு மாத எலியும் மழைக்குப் பின் பிறந்த இரண்டு மாத எலியும் ஒரே எடையில் ஒரே பொறிவரிசையில் மாட்டும். தார் பாலைவன எலிகளை ஜோத்பூரில் இருக்கும் மத்திய வறண்டநில ஆய்வு நிறுவனம் நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறது, ஈஷ்வர் பிரகாஷ் அதில் முக்கியமானவர். அங்கே வெள்ளெலியும் அதன் உறவான பாலைவன ஜெர்ட் எலியும் ஒரே நிலத்தில் வாழ்கின்றன. அங்கே வரைந்த வளைகோட்டை அப்படியே எடுத்து வந்து மட்டக்களப்பின் உன்னிச்சைப் பக்கத்து வெள்ளெலிக்குப் பொருத்தினால் இனம் ஒன்றாக இருந்தும் பொருந்த வேண்டிய அவசியமில்லை. உடம்பின் அளவும் சாப்பாடும் மழைக்காலமும் வேறு.

கூட்டில் வளர்த்த எலியின் வளைகோடும் இதே மாதிரி ஏமாற்றும், ஆனால் எந்தப் பக்கம் ஏமாற்றும் என்று முன்கூட்டியே சொல்லலாம். கூட்டு எலிக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு, ஓடவும் தேவையில்லை, அதனால் சீக்கிரம் எடை போடும். காட்டு எலி அதே எடைக்கு வர அதிக நாள் எடுக்கும். ஆக, கூட்டுக் கணக்கில் பார்த்தால் காட்டு எலி எப்போதும் உண்மையைவிட இளசாகத் தெரியும்.

பெண் எலி என்றால் சினையா என்று பார்க்காமல் எடையைக் கணக்கில் சேர்க்கவே கூடாது, பிரசவத்துக்குக் கிட்டிய எலியில் வயிற்றுக் குட்டிகள் எடையில் பெரும் பங்கை எடுத்துவிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வளைகோடு வேண்டும். பொறிக்குள் வைத்த இரையும் இருக்கிறது: நம் ஊரில் சுட்ட தேங்காய்ச்சொட்டும் கருவாடும் வைப்போம், இரவு முழுக்க அதைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும் எலியைக் காலையில் நிறுத்தால் தேங்காயையும் சேர்த்துத்தான் நிறுக்கிறோம்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு எடையே வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். எடையை வேறு விதமாகக் கேட்டால் நல்ல பதில் சொல்லும். ஒரு எலியை ஒரு முறை நிறுத்து 'உனக்கு எத்தனை மாதம்' என்று கேட்பதைவிட, காதில் சின்னத் தகடோ தோலுக்கடியில் அரிசிமணி அளவு மின்னணுச் சில்லோ வைத்து விட்டுவிட்டு, அடுத்த மாதம் அதே எலியைப் பிடித்து 'எவ்வளவு கூடினாய்' என்று கேட்பது எவ்வளவோ மேல். மேலே சொன்ன கற்பனை எலிகளையே எடுங்கள். 60 கிராமில் பிடிபட்டது ஒரு மாதம் கழித்து 117, 110இல் பிடிபட்டது 135, 145இல் பிடிபட்டது 148. கூடியது முறையே 57, 25, 3. முதல் எடையைக் கிடை அச்சிலும் கூடிய எடையை நிலை அச்சிலும் வைத்தால் கீழே இறங்குகிற ஒரு நேர்கோடு வரும்; அது பூச்சியத்தைத் தொடுகிற இடம் உச்ச எடை, சரிவு வளர்ச்சி வேகம். எந்த எலியின் பிறந்த நாளும் தெரியாமலேயே வளைகோடு கிடைத்துவிட்டது. இப்படிக் கணக்குப் போடும் வழியை 1965இல் ஃபேபன்ஸ் என்பவர் எழுதினார், ஆமைக்கும் மீனுக்கும் எலிக்கும் இன்றுவரை ஓடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த தந்திரம் இதுதான், ஏனென்றால் தெரியாததைத் தெரிந்த மாதிரி எடுத்துக்கொள்ளாமல் தெரிந்ததை மட்டும் வைத்துக் காரியத்தை முடிக்கிறது. ஒரே வருத்தம், அது வளர்ச்சியைத் தரும், ஒவ்வொரு எலியின் வயதைத் தராது. வறண்ட மாதத்தில் அளந்த கோடும் மழை மாதத்தில் அளந்த கோடும் வேறு வேறாக வரும், ஆனால் அது குறையில்லை, மழைக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை அங்கேதான் அளக்கிறோம்.

இன்னொரு வழி மீன் ஆராய்ச்சியிலிருந்து வந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டென்மார்க்கின் பீட்டர்சன் தொடங்கி வைத்தது. பிடிபட்ட எல்லாவற்றின் அளவையும் ஒரே வரைபில் போட்டால் மேடு மேடாகத் தெரியும், ஒவ்வொரு மேடும் ஒரே காலத்தில் பிறந்த ஒரு கூட்டம், மாதா மாதம் அந்த மேடு வலப்பக்கம் நகரும். எல்லாக் குட்டிகளும் ஒரே சமயத்தில் பிறந்தால்தான் இது தெளிவாகத் தெரியும். பாலைவனத்தில் மழை அந்த வேலையைச் செய்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை வயல்களில் அதை நெல்லே செய்துவிடுகிறது: பயிர் குடலைக்கு வந்து கதிர் தள்ளுகிற காலத்தோடு எலிகள் குட்டி போடுவதும் பெருகுகிறது. பெரும்போகத்துக் குட்டிகள் ஒரு மேடு, சிறுபோகத்துக் குட்டிகள் ஒரு மேடு. வயல்காரர் 'இந்தப் போகத்துக் குட்டி' என்று சொன்னது இதைத்தான், அவருடைய நாட்காட்டி எலியின் நாட்காட்டியோடு ஒத்துப்போகிறது. வளர்ந்து முடிந்ததும் மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், அதற்கப்புறம் இந்த வழியும் வாயை மூடிக்கொள்ளும்.

பெரிய எலிக்கு வயது வேண்டுமென்றால் வளர்ச்சி நிற்காத ஒரு உறுப்பைத் தேட வேண்டும். அப்படி ஒன்று கண்ணுக்குள் இருக்கிறது. கண் வில்லை வாழ்நாள் முழுக்கப் புது இழைகளை வெளிப்பக்கம் சேர்த்துக்கொண்டே போகும், பழசு எதையும் கழிக்காது, வெங்காயத்தைப் போல உள்ளே இருப்பது குட்டிக்காலத்துப் பொருக்கு, வெளியே இருப்பது நேற்றையது. எலி பட்டினி கிடந்தாலும் சினையாக இருந்தாலும் வில்லை எடையில் பெரிய ஆட்டம் இருக்காது. 1959இல் அமெரிக்காவில் லோர்ட் என்பவர் காட்டு முயல்களில் இதைக் காட்டிய பிறகு எலி, அணில் என்று எல்லாவற்றிலும் முயன்றுவிட்டார்கள். செய்முறை பெரிய வித்தையில்லை. கண்ணை எடுத்து ஃபோர்மலினில் சில வாரம் ஊறவைத்து, வில்லையைப் பிரித்து, எடை மாறாமல் நிற்கும்வரை சூடுபெட்டியில் உலர்த்தி, மில்லிகிராம் காட்டும் தராசில் நிறுப்பது. எலி செத்துச் சில மணித்தியாலத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும், அழுகினாலோ ஐஸ்பெட்டியில் உறைந்தாலோ கணக்கு கெட்டுவிடும். எலி சாக வேண்டும் என்பதுதான் இதன் விலை. வில்லையிலும் வளர்ச்சி போகப்போக மெதுவாகத்தான் ஆகும், ஆனால் உடல் எடை மாதிரி மூன்று மாதத்தில் நின்றுவிடாது.

பல்லைப் பார்ப்பவர்களும் உண்டு. வெள்ளெலியின் முதல் கடைவாய்ப் பல்லில் குறுக்கே மூன்று தகடுகள், இரண்டாவதில் இரண்டு. தேயத் தேய அந்த முகடுகள் மழுங்கித் தட்டையாகும், அதைப் பார்த்து வகுப்புப் பிரிப்பார்கள். மணலோடு சேர்த்துத் தின்கிற எலிக்குப் பல் சீக்கிரம் தேயும், எனவே வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை மணலில் பிடித்ததையும் படுவான்கரைக் களிமண்ணில் பிடித்ததையும் ஒரே அட்டவணையில் போட்டால் மண்ணைத்தான் வயது என்று எழுதுவோம். தேய்மானம் யார் மூத்தது யார் இளையது என்று வரிசைப்படுத்தும், மாதம் சொல்லாது. எலும்பு முனைகள் ஒட்டிக்கொண்டனவா என்று பார்ப்பது பல பாலூட்டிகளுக்குச் சரி, ஆனால் எலிகளின் நீண்ட எலும்புகளில் வளர்தகடு கிழட்டு வயதிலும் முழுதாக மூடுவதில்லை. குளிர்காலத்தில் உறங்குகிற ஜெர்போவாக்களில் தாடை எலும்பில் வருடக்கோடு விழும், நம் வெப்பநிலையில் அப்படியொரு தெளிவான கோட்டை எதிர்பார்த்துப் பயனில்லை.

உடல் அளவுக்கும் வயதுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்க விரும்பினால் கென்யா, எத்தியோப்பியா, சோமாலியாவின் வறண்ட மண்ணுக்கடியில் வாழும் மொட்டை மோல் எலியைப் பார்க்க வேண்டும். 35 கிராம் அளவுள்ள எலி, 30 வருடத்துக்கு மேல் வாழ்கிறது. கூட்டத்தில் ஒரு பெண் ராணியானால், வளர்ந்து முடிந்த வயதிலும் முதுகெலும்பு மறுபடி நீண்டு உடல் நீளமாகிறது. அங்கே நீளம் சொல்வது பதவியை, வயதை இல்லை. வயது கூடக் கூடச் சாவின் வேகமும் கூடும் என்ற கொம்பேர்ட்ஸின் 1825ஆம் வருடத்து விதி இந்த எலிக்குப் பொருந்தவில்லை என்று 2018இல் ஆயிரக்கணக்கான எலிகளின் பதிவை வைத்துக் காட்டினார்கள். மனிதனைப் பற்றிய அந்த மனிதரின் இரண்டு நூற்றாண்டுக் கணக்கை ஒரு மொட்டை எலி தட்டிக்கழித்தது.

ஒரு நுணுக்கமான பொறியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அச்சில் வருகிற கட்டுரைகளிலும் இது தப்பிப் போகிறது. 140 கிராம் எலிக்குச் சராசரி வயது என்ன என்று ஒரு மாதிரிக் கூட்டத்தில் கணக்கெடுத்து அட்டவணை போடுகிறோம். அந்தக் கூட்டம் நல்ல மழைக்குப் பின் பிடித்தது, இளசுகள் நிறைய. அப்போது 140 கிராமுக்குச் சராசரியாக வருவதும் இளைய வயதுதான். அதே அட்டவணையை வறட்சியில், குட்டியே பிறக்காமல் கிழடுகள் மட்டும் மிஞ்சி இருக்கும் கூட்டத்துக்குப் போட்டால், அட்டவணை அவற்றையும் இளசு என்றே சொல்லும். அளந்த கூட்டத்தின் வயதமைப்பைப் பழைய கூட்டத்தின் வயதமைப்பு மூடி மறைத்துவிடுகிறது. 'வறட்சியிலும் வயதமைப்பு மாறவில்லை' என்று முடிவெழுதிவிட்டுப் போய்விடலாம், யாரும் பிடிக்க மாட்டார்கள். இதைத் தவிர்க்க எடையிலிருந்து வயதுக்குப் போகாமல் வயதிலிருந்து எடைக்கு வளைகோடு போட்டு, அதைத் தலைகீழாகத் திருப்பும்போது கிடைக்கும் அகலமான இடைவெளியை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவர் இதைச் செய்யப் போகிறார் என்றால் நான் சொல்வது இவ்வளவுதான். மாதம் என்று எழுத வேண்டாம். குட்டி, இளசு, பெரியது என்று மூன்றாகப் பிரித்து, எந்த அளவில் பிரித்தேன் என்று எழுதினால் போதும், அதுவே பல கேள்விகளுக்குப் பதில் தரும். ஒரே ஆள் அளக்க வேண்டும், நகத்தோடா நகமில்லாமலா என்று முதல் பக்கத்தில் குறிக்க வேண்டும். காட்டு விலங்கைப் பிடிப்பதற்கு அனுமதி எடுக்க வேண்டும். வில்லை வேண்டுமென்றால் தனியாக எலியைக் கொல்லத் தேவையில்லை, அறுவடைக் காலத்தில் வரம்பு வெட்டும்போது வயல்காரர்கள் எப்படியும் வயலெலிகளைக் கொல்கிறார்கள், ஃபோர்மலின் போத்தலோடு பக்கத்தில் நின்றால் சரி. கையுறை இல்லாமல் தொட வேண்டாம், எலியின் சிறுநீரும் வயல் தண்ணீரும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வயலில் இறங்கும் முன் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கும் டொக்சிசைக்கிளின் மருந்து எடுக்க வேண்டுமா என்று பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அய்யாவிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இப்போது புதிதாக மரபணுக் கடிகாரம் என்று ஒன்று வந்திருக்கிறது. வயதாக ஆக மரபணுவில் சில இடங்களில் மெதைல் என்ற சின்ன வேதிக் குறிகள் கூடியும் குறைந்தும் போகும், அதை வைத்து வயதைச் சொல்வது. மனிதனுக்கு ஹோர்வாத் என்பவர் 2013இல் செய்தார், 2023இல் பாலூட்டிகள் பலவற்றுக்கும் பொதுவான ஒன்று வெளிவந்தது. காது ஓரத்தில் துளி அளவு தசை எடுத்துவிட்டு எலியை விட்டுவிடலாம், எலி கொழுத்ததா மெலிந்ததா என்பது பெரிதாகக் குறுக்கே நிற்காது. செலவு இன்னும் சாதாரண கம்பஸ் ஆய்வுக்குக் கட்டுப்படியாகாது என்பது ஒரு பக்கம். மறுபக்கம், அதை வெள்ளெலிக்கு நம்பிப் பயன்படுத்த முதலில் பிறந்த திகதி தெரிந்த வெள்ளெலிகள் பல வேண்டும், அவற்றில்தான் கடிகாரத்தைச் சரிபார்க்க முடியும். அதற்கு யாராவது ஒருவர் கூட்டில் வளர்த்து, குட்டி போட்ட அன்றைக்கே திகதியைக் கொப்பியில் எழுதி, ஒவ்வொரு வாரமும் நிறுத்து வைக்க வேண்டும்.